செட்-டாப் பாக்ஸில் பதிந்த எச்.டி. நிகழ்ச்சியை வீடியோ பைலாக மாற்றுவது எப்படி?

உங்கள் வீட்டு செட்-டாப் பாக்ஸின் முன்புறமோ பின்புறமோ ஒரு யூ.எஸ்.பி. போர்ட் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கவனித்தவர்கள் அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கையோ பென் டிரைவையோ செருகி, ரிமோட்டில் உள்ள சிவப்பு பட்டனை அழுத்திப் பிடித்த நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிறார்கள். சில மாதங்களில் டிஸ்க் நிரம்பிவிடும். ஒருநாள் பாக்ஸே இயங்காமல் போகும். "பதிந்ததை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா? மாற்றினால் இவ்வளவு பெரிய பைல்களை எங்கே வைப்பது?" என்ற கேள்வி அப்போதுதான் எழும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்யக் கூடிய வேலை இது. தேவையான புரோகிராம்கள் அனைத்தும் இலவசம். ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

நான் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவ கிராமமான பட்டினச்சேரி. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் எங்கள் ஊருக்கு அவர் மாப்பிள்ளை. வரவேற்பும் அப்படித்தான் இருக்கும். 2019-ல் அந்த நிகழ்ச்சி உள்ளூர் கேபிளில் எச்.டி. தரத்தில் நேரடியாக வந்தபோது என் தாய்மாமா அதைப் பாக்ஸில் பதிந்து வைத்திருந்தார். தாம்பாளத்துடன் நிற்கும் பெண்கள் வரிசையில் எங்கள் அம்மாச்சி ஏறத்தாழ பத்து விநாடிகள் தெரிவார். மறு ஆண்டு அவர் காலமானார். மாமா வீட்டுக் கல்யாணக் கேசட் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் போய்விட்டது. அதனால் அம்மாச்சி நடமாடும் வீடியோ என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பத்து விநாடிகள்தான். அந்தப் பதிவை நான் பைலாக மாற்றிய முறையையே இங்கு உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

பார்மேட் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள்

பாக்ஸ் அடிக்கடி தானாக அணைந்து எழ ஆரம்பித்ததும் மாமா ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார். உடனே எனக்கு போன் வந்தது.

"மாப்ள, டிஸ்க்க பார்மேட் பண்ணணும்னு கேக்குது. ஓகே குடுத்துடவா?"

"வேணாம் மாமா. எதையும் தொடாதீங்க. கேன்சல் குடுத்துட்டு டிஸ்க்கக் கழட்டி வச்சிடுங்க" என்றேன்.

இந்த இடத்தில்தான் பலர் தங்கள் பதிவுகளை இழக்கிறார்கள். பல செட்-டாப் பாக்ஸ்களுக்குள் இயங்குவது லினக்ஸ். அவற்றில் சில, டிஸ்க்கை லினக்ஸ் முறையில் பார்மேட் செய்துகொள்ளும். விண்டோஸுக்கு அந்த அமைப்பு புரியாது. எனவே டிஸ்க் காலியாக இருப்பதாகக் கருதி, பார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். உள்ளே பைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். ஓகே கொடுத்தால் போய்விடும்.

இதற்கு எளிய வழி உபுண்டு லினக்ஸ். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யவும். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. "டிரை உபுண்டு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாக்ஸின் டிஸ்க் அதில் சாதாரண போல்டர் போலத் திறக்கும். பைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்துகொண்டு, விண்டோஸுக்குத் திரும்பி மற்ற வேலைகளைப் பார்க்கலாம். உங்கள் பாக்ஸ் பேட்32 முறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தச் சுற்று தேவையில்லை. விண்டோஸே படித்துவிடும். ஆனால் பேட்32-ல் ஒரு பைல் 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. எனவே நீண்ட நிகழ்ச்சிகள் துண்டு துண்டாக இருக்கும்.

பைல் திறக்கிறதா?

காப்பி செய்த பைலின் பெயர் பெரும்பாலும் டி.எஸ். என்று முடியும். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பதன் சுருக்கம் இது. வானிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரும் சிக்னலை 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். பாக்ஸ் அவற்றை வந்தபடியே டிஸ்க்கில் எழுதிவிடும். மழை நேரத்தில் சில பொட்டலங்கள் தவறினாலும் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டு மீண்டும் ஓடும்.

இந்த பைலை வி.எல்.சி. பிளேயரில் திறந்து பாருங்கள். படம் வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வராமல் வெறும் கறுப்பாக இருந்தால், பதிவு என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கட்டணச் சேனல்களை வழங்கும் டி.டி.எச். நிறுவனங்களின் ரெக்கார்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பதிந்த பாக்ஸைத் தவிர வேறு எங்கும் அந்த பைல் ஓடாது. பாக்ஸ் போனால் பதிவும் போயிற்று. டி.டி. பிரீ டிஷ் போன்ற இலவச ஒளிபரப்பைக் கடைகளில் விற்கும் சாதாரண பாக்ஸில் பதிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. அதில் எச்.டி. சேனல்களைப் பார்க்க எம்பெக்-4 பாக்ஸ் வேண்டும்.

பூட்டிய பைல்களை உடைப்பது பற்றி நான் இங்கு எழுதப் போவதில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குப் பதிந்துகொள்வதை அனுமதிக்கிறது. அமெரிக்காவிலும் 1984-ல் சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில், வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது தவறில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2012-ல் நம் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது தண்டனைக்குரியது. மாற்றிய பைலை ஊருக்கெல்லாம் விற்பதும், யூடியூபில் ஏற்றுவதும் சொந்த உபயோகம் ஆகாது. பூட்டிய பதிவு என்றால், அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் அதே நிகழ்ச்சி இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

மாமாவின் பைல் திறந்தது. கடல் தெரிந்தது.

ஏன் இவ்வளவு பெரிய பைல்?

ஒரு முழு எச்.டி. படத்தில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை பைட் என்று வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு ஏறத்தாழ 78 மெகாபைட் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 280 கிகாபைட்! இதை அப்படியே அனுப்ப முடியாது என்பதால் ஒளிபரப்புபவர்களே சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் வந்தால் அதே ஒரு மணி நேரம் 3.6 கிகாபைட்டில் அடங்கிவிடும். பழைய எம்பெக்-2 முறையில் வரும் எச்.டி. என்றால் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் ஆகலாம்.

இந்தச் சுருக்கம் எப்படி நடக்கிறது? ஒரு படகு திரையில் இடமிருந்து வலம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வானம் அசையவில்லை. ஒவ்வொரு படத்திலும் வானத்தையும் படகையும் மறுபடி எழுதுவதற்குப் பதிலாக, "வானம் முன்பு போலவே, படகு இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது" என்று மட்டும் குறித்துவைத்தால் போதும். இதற்காகப் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்தில் அந்தக் கட்டம் எங்கே இருந்தது என்று தேடுகிறார்கள். 2003-ல் வெளிவந்த எச்.264 முறை இந்தத் தேடலைப் பழைய எம்பெக்-2-ஐ விடத் திறமையாகச் செய்கிறது. 2013-ல் வந்த எச்.265 இன்னும் திறமை வாய்ந்தது.

இதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். நான்கு பேர் நாற்காலியில் அமர்ந்து விவாதிக்கும் நிகழ்ச்சியை மிகச் சிறிதாகச் சுருக்கலாம். அலையடிக்கும் கடலையும், நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டத்தையும், வீசப்படும் பூக்களையும் அப்படிச் சுருக்க முடியாது. ஒவ்வொரு நுரையும் ஒவ்வொரு படத்திலும் புதிது. முந்தைய படத்தில் தேடி எடுக்க எதுவும் இல்லை. மாசி மகத் தீர்த்தவாரி போல என்கோடரைத் திணற வைக்கும் காட்சி வேறு கிடைக்காது என்றே சொல்வேன். "ஒரு மணி நேரத்தை 700 எம்.பி.யில் அடக்குங்கள்" என்று சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் கடல் கட்டம் போட்ட கைலி மாதிரி ஆகிவிடும். முகங்கள் மெழுகு பூசியது போல் வழவழப்பாகிவிடும். அம்மாச்சியின் முகம் திரையில் இரண்டு விரற்கடை உயரம்தான்.

எனவே சுருக்கத் தொடங்கும் முன் எதைச் சுருக்குவது என்று முடிவு செய்யுங்கள். சுருக்குவது ஒருவழிப் பாதை. நீக்கிய விவரம் திரும்ப வராது. சினிமா, சீரியல், கிரிக்கெட் என்றால் தாராளமாகச் சுருக்கலாம். வேறு எங்கும் கிடைக்காத பகுதி என்றால் அதை வெட்டித் தனியாக எடுத்து, சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களுக்கு ஆகும் இடம் சில நூறு எம்.பி.தான்.

சுருக்காமல் வெட்டுவது

இதற்கு அவிடெமக்ஸ் என்ற இலவச புரோகிராம் போதும். பைல் மெனுவில் ஓப்பன் மூலம் முதல் துண்டைத் திறக்கவும். இரண்டாம் துண்டு இருந்தால் அதே மெனுவில் அப்பெண்ட் என்பதைக் கிளிக் செய்து சேர்க்கவும். மாமாவின் பாக்ஸ் இரண்டு மணி நேரப் பதிவை இரண்டாக உடைத்து வைத்திருந்தது. இப்படிச் சேர்த்ததும் தையல் தெரியாமல் ஓடியது. இடப்பக்கம் வீடியோ அவுட்புட், ஆடியோ அவுட்புட் இரண்டும் காப்பி என்றே இருக்கட்டும். அவுட்புட் பார்மட்டில் எம்.கே.வி. மக்ஸர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் ஏ, முடிவில் பி என்ற பட்டன்களால் அடையாளம் வைத்து சேவ் செய்திடவும்.

தொடக்கத்தை வைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். படகு உதாரணத்தில் சொன்னது போல, பெரும்பாலான படங்கள் முந்தைய படத்தை நம்பியே இருக்கின்றன. இடையிடையே மட்டும் ஒரு முழுப் படம் வரும். இதற்குக் கீ பிரேம் என்று பெயர். வெட்டு அங்கேதான் தொடங்க வேண்டும். கீபோர்டில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் அவிடெமக்ஸ் அடுத்த கீ பிரேமுக்கும், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கீ பிரேமுக்கும் தாவும். அம்மாச்சி தெரியும் இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் விட்டு வெட்டினேன். இரண்டு நிமிடத்துக்குச் சற்று கூடுதலான அந்த பைல் 130 எம்.பி. கூட ஆகவில்லை. எடுத்து முடிக்க ஆன நேரம் சில விநாடிகள்.

விளம்பரங்களை நீக்குவதற்கும் இதே வழிதான். விளம்பரத்தையும் சேர்த்துச் சுருக்குவது கம்ப்யூட்டருக்கும் கரண்டுக்கும் வீண்.

சீப்புக் கோடுகளும் ஹேண்ட்பிரேக்கும்

மிச்ச நிகழ்ச்சியைச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற புரோகிராமைப் பரிந்துரைக்கிறேன். இதைத் தொடங்கியவர் எரிக் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரர். வி.எல்.சி. 1996-ல் பாரிஸின் எகோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை. இந்த வகை புரோகிராம்கள் பலவற்றுக்கு அடித்தளமான எப்.எப்.எம்பெக் 2000-ல் பாப்ரிஸ் பெல்லார் எழுதத் தொடங்கியது. எக்ஸ்264 என்கோடரைத் தொடங்கிய லோரான் எமாரும் அந்த நாட்டவரே. 1954-ல் காரைக்காலை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் இந்த வழியாகத் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நான் மாமாவிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஹேண்ட்பிரேக்கை அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுண்லோட் செய்திடவும். தள முகவரியும் பிரான்ஸைக் குறிக்கும் எப்.ஆர். என்றுதான் முடியும். அதே பெயரில் போலித் தளங்கள் உள்ளன.

புரோகிராமைத் திறந்து பைலை அதன் மீது இழுத்துப் போடவும். பிரிசெட்டில் "பாஸ்ட் 1080பி30" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறகு மாற்ற வேண்டியவை சில.

முதலாவது, பில்டர்ஸ் டேப். ஒளிபரப்பில் வரும் எச்.டி. பெரும்பாலும் 1080ஐ வகை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என விநாடிக்கு 50 அரைப் படங்களாக வரும். டிவி இதைச் சரியாக இணைத்துக் காட்டிவிடும். கம்ப்யூட்டரில் பார்த்தால் வேகமாக நகரும் பொருட்களின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். இதைக் கவனிக்காமல் சுருக்கினால் அந்தக் கோடுகள் படத்திலேயே பதிந்துவிடும், பிறகு எடுப்பது மிகக் கடினம். எனவே டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிப் அல்லது டிகோம்ப் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அலை, ஓட்டம், விளையாட்டு போன்ற அசைவு மிகுந்த நிகழ்ச்சி என்றால், பிரிசெட்டில் பாப் என்பதைக் கொடுத்து, வீடியோ டேபில் பிரேம் ரேட்டை 50 ஆக்கவும். ஒவ்வொரு அரைப் படமும் ஒரு முழுப் படமாகி, டிவியில் பார்த்த அதே வழுக்கலான ஓட்டம் கிடைக்கும். பைல் கொஞ்சம் பெரிதாகும்.

உங்கள் பைல் எந்த வகை என்று தெரியாவிட்டால் மீடியாஇன்போ என்ற சிறிய புரோகிராமில் திறந்து பார்க்கவும். ஸ்கேன் டைப் என்ற வரியில் இன்டர்லேஸ்டு என்று இருந்தால் மேலே சொன்னது தேவை. புரோகிரசிவ் என்று இருந்தால் பில்டரை ஆப் செய்துவிடவும்.

இரண்டாவது, வீடியோ டேபில் கான்ஸ்டண்ட் குவாலிட்டி. ஆர்.எப். என்ற எண்ணை நகர்த்தும் ஸ்லைடர் அங்கே உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும், பைலும் பெருக்கும். 1080 வரிப் படங்களுக்கு 20 முதல் 24 வரை என்பது ஹேண்ட்பிரேக் குழுவினரே தரும் பரிந்துரை. கடலுக்கு நான் 20 வைத்தேன். பேச்சு நிகழ்ச்சிக்கு 23 தாராளம். "பைல் அளவு இவ்வளவு" என்று கட்டுப்போடாமல் தரத்தை மட்டும் சொல்லிவிட்டால், அலை வரும் இடத்தில் என்கோடர் அதிக இடமும், மேடைப் பேச்சு வரும் இடத்தில் குறைந்த இடமும் எடுத்துக்கொள்ளும்.

ஆடியோ டேபில் தமிழ் ஒலித்தடம் தேர்வாகி இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரே சேனலில் இரண்டு மூன்று மொழி வருவது உண்டு.

உடனே ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அசைவு அதிகமான ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் முழுவதையும் ஓட விடலாம். சாதாரண லேப்டாப்பில் இரண்டு மணி நேர எச்.டி. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். அதுவரை பிராசசர் முழு மூச்சில் வேலை செய்யும். எங்கள் ஊர் போல உப்புக் காற்று அடிக்கும் இடங்களில் பேனில் தூசியும் உப்பும் சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் எம்.பி.4 பைல் பெரும்பாலும் திறக்கவே திறக்காது, மறுபடி முதலில் இருந்துதான். மின்வெட்டு அதிகம் உள்ளவர்கள் லேப்டாப்பிலோ, யூ.பி.எஸ். உள்ள கம்ப்யூட்டரிலோ இதைச் செய்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. சேனல் ஏற்கெனவே எச்.264-ல் வந்திருந்தால் (மீடியாஇன்போவில் ஏ.வி.சி. என்று காட்டும்), மறுபடி எச்.264-ல் சுருக்கிப் பெரிய லாபம் கிடைக்காது. மாமாவின் பதிவு இந்த வகைதான். 7 கிகாபைட் இருந்தது விளம்பரங்களை வெட்டிச் சுருக்கிய பிறகும் 4 கிகாபைட் ஆயிற்று. எம்பெக்-2 பைல் என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும்.

டிவியில் ஓடுமா, வெளிநாட்டுக்குப் போகுமா?

முடிந்ததும் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களிலும் ஓட்டிப் பார்க்கவும். உதடும் ஒலியும் கடைசி வரை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மூல பைலைப் பற்றி முடிவெடுக்கவும். வெட்டி எடுத்த முக்கியப் பகுதியைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைக்கவும். ஒரே வீட்டில் இரண்டு டிஸ்க் இருந்தால் அதை நான் இரண்டு இடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. கடற்கரையில் வசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு இரண்டாவது இடம் பிரான்ஸ். மாமாவின் மகள் அங்கே குடும்பத்துடன் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் கேலரி வழியாக வீடியோவாக அனுப்ப வேண்டாம். அது தானே மறுபடி சுருக்கிவிடும், நீங்கள் பட்ட பாடு அத்தனையும் வீண். டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் பைல் அப்படியே போய்ச் சேரும். 2022 முதல் ஒரு பைல் 2 கிகாபைட் வரை இருக்கலாம்.

டிவியில் பென் டிரைவ் மூலம் பார்க்க எம்.பி.4, எச்.264, ஏ.ஏ.சி. ஆடியோ என்ற கூட்டணிதான் பெரும்பாலான டிவிகளில் வம்பில்லாமல் ஓடும். சில ஆண்டுகள் பழைய முழு எச்.டி. டிவிகள் பலவற்றில் எச்.265 பைலைத் திறந்தால் ஒலி மட்டும் வரும், அல்லது "சப்போர்ட் இல்லை" என்ற செய்தி வரும். 1080 வரியில் விநாடிக்கு 50 படம் என்பதும் சில பழைய டிவிகளுக்கு அதிகம், விக்கி விக்கி ஓடும். அப்போது அசைவின் வழுக்கலை விடாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. டைமென்ஷன்ஸ் டேபில் உயரத்தை 720 ஆக்கி, பிரேம் ரேட்டை 50-லேயே விடவும். மாமா வீட்டு டிவிக்கு நான் கொடுத்தது அந்த பைல்தான்.